காயாத வியர்வை

வெயிலில் உழைப்பவர்களின் உடம்பு எப்படிச் சூடாகிறது என்பதை ஆராய்வதுதான் உமாமகேஸ்வரியின் வேலை. சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் கற்ற பரதத்தை விட்டுவிடவில்லை என்றாலும், ஆய்வுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவள் நினைத்ததில்லை. சுரேந்தர் கேட்கும் வரை.

சுரேந்தர் மன்னார்குடிப் பக்கமிருந்து கப்பல் கட்டும் ஷிப்யார்டு வேலைக்கு வந்தவன். வயிற்றுக்குள்ளிருந்து உடல்சூட்டை அளந்து அனுப்பும் மாத்திரையை அவளுடைய ஆய்வுக்காக விழுங்கியவர்களில் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் அவளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

“மேடம், மாத்திரைய முழுங்கச் சொன்னீங்க, முழுங்கினோம். என்ன தெரிஞ்சுதுன்னு ஒருத்தரும் சொல்லலையே?”

“அது பேப்பரா வந்துடுச்சு...” என்று சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆங்கிலத்தில், ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே புரட்டும் இதழில் வந்த கட்டுரை அது.

முடிவைத் தொழிலாளர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று மறுநாள் பேராசிரியரிடம் போய்க் கேட்டாள். அந்த ஆய்வுதான் முடிந்துவிட்டதே, அடுத்ததைப் பார் என்றார் அவர். ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் உமா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோபத்தோடுதான், முடிவை ஆடியே காட்டிவிடுவதென்று சலங்கையை எடுத்துக் கட்டினாள்.

கூட ஆட, தன்னோடு பரதம் கற்ற அனிதாவைச் சேர்த்துக்கொண்டாள். உமா மெல்லிய பருத்திச் சேலையில்; அனிதா, கப்பலின் தொட்டிக்குள் இறங்கிப் பெயின்ட் அடிப்பவர்கள் போடும் பிளாஸ்டிக் உடுப்பில். இருவருக்கும் ஒரே தாளம், ஒரே அடவு. உமாவின் விரல்கள் வியர்வையாய்த் தோலிலிருந்து எழுந்து, சூட்டை ஏந்திக்கொண்டு காற்றில் கலந்தன. அனிதாவின் விரல்கள் எழுந்து, எதன்மீதோ முட்டி, உடம்பிலேயே விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அனிதாவின் கால் தாளம் தப்பியது. வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும் என்று உமா நடுநடுவே தமிழில் சொன்னாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு திடலில், அனுமதி வாங்கி, ஞாயிறு மாலை ஆடினார்கள். புல்லில் உட்கார்ந்து பார்த்தவர்கள் கைதட்டினார்கள். சுரேந்தர் தட்டவில்லை.

“நல்லாப் புரிஞ்சுது மேடம். நாளைக்கு நான் அதே உடுப்பப் போட்டுக்கிட்டு டேங்க்ல எறங்கணும். என்ன பண்ணட்டும்? சூப்பர்வைசர்கிட்ட ஆடிக் காட்டட்டுமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. உமாவுக்கு முகம் எரிந்தது. இவர்களுக்கு முன்னால் ஆடியது போதாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஷிப்யார்டு அலுவலகத்தை நச்சரித்து, காலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் கொஞ்சம் நேரம் வாங்கினாள். சூப்பர்வைசர் அழகப்பன் வெயிலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சீக்கிரம் ஆடி முடிச்சிடுங்கம்மா. வேலை நிறைய இருக்கு லா.”

“என்கூட ஆடுறவங்க இன்னைக்கு வரல சார். நீங்க இந்த உடுப்பப் போட்டுக்குங்க.”

“நானா? எனக்கு டான்ஸ் வராதும்மா.”

“காலைத் தூக்கி வெச்சாப் போதும்.”

அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. முதலில் இடுப்பை ஆட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. முகம் கறுத்து, மூச்சு வாங்கியது.

“போதும்மா... நிறுத்துங்க.”

உமா உடனே நிறுத்தினாள். உடுப்பைக் கழற்ற உதவி, தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்:

“உங்க ஆளுங்க போதும்னு சொன்னா நிறுத்துவீங்களா சார்?”

அவர் நனைந்த சட்டையைப் பிழிந்தார்.

அடுத்த வாரம் தொட்டிக்குப் பக்கத்தில் மின்விசிறியோடு ஒரு கூடாரம் வந்தது. அடிக்கடி மேலேறி வந்து உடுப்பைக் கழற்றி இளைப்பாறலாம் என்று அழகப்பனே அறிவித்தார். உச்சி வெயிலில் தொட்டி வேலை வேண்டாம் என்ற உமாவின் கோரிக்கையை மட்டும் நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனால் அவள் ஆடும் படத்தைத் தங்கள் செய்தி மடலில் போட்டது. கீழே, ‘ஊழியர்களுக்கான கலைநிகழ்ச்சி’ என்று எழுதியிருந்தது.

உமா நிர்வாக அலுவலகத்துக்குப் போன் செய்தாள். “அது கலைநிகழ்ச்சி இல்ல. உங்க ஆளுங்க உடம்புல அளந்த ஆராய்ச்சியோட முடிவு. மாத்திப் போடுங்க.”

“சின்ன விஷயந்தானே மேடம்?”

“சின்ன விஷயம்னா மாத்துறதும் ஈஸிதானே?”

மாற்றினார்கள். உச்சி வெயில் கோரிக்கையை அன்று மாலையே அவள் மறுபடி அனுப்பினாள். இந்தமுறை மேலாளர்கள் கூட்டத்தில் ஆட நேரம் கேட்டிருந்தாள்.