இருமிக் காட்டும் முதலாளி

பட்டறையில் யாராவது இருமினால் கல்கடைக்காரரும் கூடவே இருமிக் காட்டுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, நாக்கைத் தள்ளி, அச்சு அசலாகச் செய்வார். பிறகு தானே சிரிப்பார். "என்னப்பா, கச்சேரி ஆரம்பிச்சாச்சா?" அவரிடம் சம்பளம் வாங்குகிற பாவத்துக்கு, இருமியவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும்.

சமையல் மேடைக்கும் மாடிப்படிக்கும் கல் அறுத்துத் தருவது தொழில். அறுக்கும்போது தண்ணீர் விட்டால் தூசி எழும்பாது. இது அவருக்குத் தெரியாததல்ல. இயந்திரத்தோடு வந்த தண்ணீர்க் குழாயை அவர்தான் கழற்றிப் பரணில் போட்டார். தரையெல்லாம் சேறாகிறதாம், கல் காய நேரம் பிடிக்கிறதாம். அதனால் பகல் முழுக்க வெள்ளைப் புகையாய்ப் பொடி பறக்கும். வேலையாட்களின் இமைகூட நரைத்துக் கிடக்கும். முதலாளி மட்டும் கண்ணாடி அறைக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் கதவை யாராவது கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்துவிட்டால் வருமே ஒரு கத்தல்!

முகக்கவசம் கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். "மூக்குல முடி எதுக்கு முளைச்சிருக்கு? அழகுக்கா?" இந்த விஞ்ஞானத்தை அவர் யாரிடமும் படிக்கவில்லை. சொந்தக் கண்டுபிடிப்பு.

அந்த மூக்கு முடியை நம்பித்தான் அவருடைய தங்கை புருஷன் அங்கே கட்டர் பிடித்தார். சிகரெட்டைத் தொட்டறியாத மனுஷன். பெரிய பலகைக் கல்லைத் தனியாளாய்த் தோளில் ஏற்றியவருக்கு, இந்த மழைக்காலத்தில் செருப்பு மாட்டக் குனிந்தாலே மூச்சு இரைத்தது. தங்கை அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நேராகக் கண்ணாடி அறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, பெரிய தூசின்னா மூக்குலயும் தொண்டையிலயும் நின்னு சளியோட வந்துடுமாம். கண்ணுக்கே தெரியாத பொடிதான் நுரையீரலோட அடிவரைக்கும் போய் ஒட்டிக்குதாம். கல்லுப் பொடி அங்க போனா புண்ணாகித் தழும்பாயிடுமாம். தழும்பு விழுந்த இடம் விரியவே விரியாதாம். இனிமே அதைச் சரிபண்ண முடியாதுன்னுட்டார் டாக்டர்."

"கண்ணுக்கே தெரியாததை உங்க டாக்டர் மட்டும் எப்படிப் பார்த்தாராம்?" என்று மடக்கிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார் அண்ணன். "மாப்பிள்ளை உடம்பு வாகு அப்படி. நானும் இதே பட்டறையிலதானே கிடக்கேன்? குண்டுக்கல்லாட்டம் இல்லையா?"

"நீ கண்ணாடிக்குள்ள இல்ல கிடக்கே!"

அவர் மேஜைமேல் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"அவர் இனிமே வரமாட்டார்ணா. அந்தக் குழாயையாவது எடுத்து மாட்டு. மத்தவங்க வீட்லயும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க."

"பாக்கலாம், பாக்கலாம்."

அண்ணன் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று பொருள். பாவாடை கட்டிய வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். கிளம்பினாள். கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டே போனாள்.

மறுநாளே கட்டருக்குப் புது ஆள் வந்துவிட்டார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவர் எதையும் கேட்கவில்லை. முதலாளிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆணியில் தொங்கிய மாப்பிள்ளையின் வேலைச் சட்டையைத் தன் கையாலேயே எடுத்தார்.

"இதையே போட்டுக்கோப்பா. உனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்."

நீலச் சட்டை, பொடி படிந்து வெளுத்திருந்தது. உதறிக் கொடுக்கலாம் என்று வாசலுக்கு எடுத்துப் போனார். கையை நன்றாக முன்னால் நீட்டி, முகத்தைத் தோள் பக்கம் திருப்பி, மூச்சை இறுக்கப் பிடித்துக்கொண்ட பிறகுதான் முதல் உதறு உதறினார்.