மாசியிடம் வெங்காயம் என்று கொடுத்த கிழங்கு

இதை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அண்ணன் தூங்கியதும் அவன் போனில் எழுதுகிறேன். ஃபேஸ்புக் என்றாலே அப்பா அடிப்பார்.

சுனாமியில் உப்பேறிய எங்கள் வயலோரம் வெள்ளைப் பூவோடு முளைத்திருந்த கிழங்கைக் காட்டு வெங்காயம் என்று நினைத்து, நாங்கள் மாசி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிச் சித்திக்கு ஒன்று கொடுத்தேன்.

மாலையில் அண்ணன் குளிக்கப் போனபோது அவன் போனிலிருந்து ஃபேஸ்புக் செடிகள் குழுவில் படம் போட்டேன். "அது விஷமூங்கில் என்ற பூச்செடியின் கிழங்கு. தின்றால் வாந்தி நிற்காது" என்று பதில் வந்தது.

ஓடினேன். மாசி அதை நறுக்கி வைத்து, எண்ணெய் காயக் காத்திருந்தார்.

"மாசி, போடாதீங்க! ஜஹர்! விஷம்!"

"அரே! உனக்கு யாரு சொன்னது?"

பயத்தில் உண்மை வந்துவிட்டது. "ஃபேஸ்புக்ல."

"ஷாபாஷ் பேட்டி, என் மகளே! ராத்திரியே வந்து உன் அப்பாகிட்ட சொல்றேன்."

வேண்டாம் என்று எவ்வளவோ கெஞ்சினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

அப்பாவிடம் என்ன பொய் சொல்லலாம்? தெரிந்தவர்கள் உடனே எழுதுங்கள்.

கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. மாசியின் குரல்தான்.

"பாய் சாப், உங்க பொண்ணு இன்னைக்கு