மேலயும் டிராஃபிக்கா மாப்ள?

இரண்டு வாரம் முன்பு நான் செத்துப்போயிருக்க வேண்டியது. பதறாதீர்கள்... எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்!

அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்பதுதான் அவமானம்.

என் மனைவியின் அண்ணன் ஏழுமலைக்குக் கீழ்பென்னாத்தூரில் விவசாயம். நெல்லும் மல்லாட்டையும் போடுகிறவர். (வேர்க்கடலைதான். எங்கள் பக்கம் அதற்கு அப்படித்தான் பெயர்.) புனேயில் வேலை பார்க்கும் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேரனைப் பார்க்க ரயிலில் போனோம். திரும்பி வர, மகள் விமான டிக்கெட் போட்டுவிட்டாள். மச்சானுக்கு அதுதான் முதல் விமானம். துணைக்கு நான். ஏழெட்டு முறை பறந்தவன் அல்லவா? குடும்பத்தின் விமானத்துறை நிபுணர் நான்தான்.

பெருந்தன்மையாக ஜன்னல் சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். கூடவே ஒரு சொற்பொழிவு. பெல்ட்டை எப்படி மாட்டுவது, காது அடைத்தால் என்ன செய்வது, இறக்கை ஆடினால் ஏன் பயப்படக் கூடாது... எல்லாவற்றுக்கும் "சரி மாப்ள, சரி மாப்ள" என்றார். பேசிப் பேசி எனக்கே தூக்கம் வந்துவிட்டது.

சென்னையை நோக்கி இறங்கத் தொடங்கிய நேரம். தொடையில் தட்டினார்.

"மாப்ள, பக்கத்துல ஒரு குட்டி பிளேன் வருது."

கண்ணைத் திறக்காமலே விளக்கம் கொடுத்தேன். "அது நம்ம பிளேனோட நிழல் மச்சான். மேகத்து மேல வுழும்."

மறுபடி தொடையில் தட்டினார்.

"நிழல் வெள்ளையா இருக்குமா மாப்ள?"

நியாயமான கேள்வி. நிபுணர் வாயைத் திறப்பதற்குள் எஞ்சின் உறுமியது. இறங்கிக்கொண்டிருந்த விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியது. யாரோ இரண்டு தோளையும் பிடித்து சீட்டுக்குள் அமுக்கியது போல இருந்தது. ஒரு செல்போன் நடைபாதையில் சறுக்கிப் பின்பக்கம் ஓடியது. குழந்தைகள் வீறிட்டன. அதுவரை யாரையும் நிமிர்ந்து பார்க்காத முன்சீட்டு கோட்டுக்காரர், "அம்மா!" என்றார்.

ஜன்னலில் பார்த்தேன். எங்கள் இறக்கைக்குக் கீழே வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி விமானம். மூக்கில் ஒற்றை விசிறி. உள்ளே ஒரே ஒரு தலை. கண் இமைத்தேன்... காணோம்.

எவ்வளவு நேரம் நடந்திருக்கும்? பத்து விநாடி? அதில் பெரிய தத்துவம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. காலையில் மனைவியிடம் போனில் கடைசியாகச் சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. 'சும்மா தொணதொணக்காத, வை.' முப்பது வருட இல்லறத்துக்கு இதுதான் முடிவுரையா!

குனிந்து பார்த்தால் மச்சான் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். என் கல்யாணத்தில் பிடித்ததற்குப் பிறகு இப்போதுதான். இரண்டு மீசைக்காரர்கள், தரை தொடும் வரை விடவில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல். விமானிதான். பாதையில் டிராஃபிக் இருந்ததால் சட்டென்று ஏற வேண்டியதாயிற்று, ஆபத்து நீங்கிவிட்டது என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

மச்சான் என் காதோரம் வந்தார். "மேலயும் டிராஃபிக்கா மாப்ள? நம்மூர்ல பௌர்ணமி கிரிவலத்துக்குத்தான்னு நெனச்சிட்டிருந்தேன்."

சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டல். அடுத்த நொடியே ஆளுக்கொரு போன். "நான் சாகப் பார்த்தேன்", "எனக்கு மயிரிழை"... எல்லா மொழியிலும் நான், எனக்கு!

வாசலில் அந்த விமானி வந்து நின்றிருந்தார். முப்பது வயது இருக்கலாம். கோட்டுக்காரர் புகார் எழுதப்போவதாக மிரட்டிவிட்டு இறங்கினார். இன்னொருவர் செல்ஃபி கேட்டார். மச்சானின் முறை வந்தது. நின்றுவிட்டார். பின்னால் வரிசை முண்டியது.

"ஏம்மா, அந்தக் குட்டி பிளேன்ல இருந்தவரு பத்திரமா எறங்கிட்டாரா?"

அந்தப் பெண் மச்சானை நிமிர்ந்து பார்த்தார்.

"எறங்கிட்டார் சார். இப்பதான் தகவல் வந்துச்சு."

"நல்லதும்மா. ஒண்டியா இருந்தாரு... அதான் கேட்டேன்."

"நீங்க பயந்துட்டீங்களா சார்?"

"பயந்தேம்மா. நீங்க?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்ப இல்ல சார். இப்ப."

மச்சானைப் பார்த்துக் கைகூப்பினார்.

விமானத்தில் நிறையப் பேர் இருந்தோம். படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், பத்தி எழுதுகிறவர்கள்! குறுக்கே வந்த விமானத்திலும் ஓர் ஆள் இருக்கிறார் என்பது ஒருவருக்குத்தானே தோன்றியது?

சென்னையிலிருந்து ஊருக்கு பஸ். செஞ்சி தாண்டியதும் எங்கள் டிரைவர் ஒரு லாரியை ஓவர்டேக் செய்தார். எதிரே இன்னொரு பஸ். நடுவில் ஒரு கை நுழையுமா என்பதே சந்தேகம். யாரும் தலை நிமிரவில்லை. எனக்கு முன்னால் இருந்த அம்மா பூ தொடுப்பதைக்கூட நிறுத்தவில்லை. வானத்தில் நடந்தால் விசாரணைக் கமிட்டி. செஞ்சி ரோட்டில் நடந்தால் அடுத்த ஸ்டாப்பிங்!

கீழ்பென்னாத்தூரில் மச்சான் இறங்கிக்கொண்டார். அங்கே டீக்கடையில் இப்போது தினமும் இதே கதைதானாம். முதல் நாள் அந்தக் குட்டி விமானம் கூப்பிடு தூரத்தில் வந்தது. போன வாரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நேற்றைய நிலவரப்படி கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் திருத்தவில்லை. நிழல் என்று சொன்னவன் பேச்சை யார் நம்புவார்கள்?

வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'தொணதொண' விஷயத்தைப் பெரிய மனதோடு மன்னித்தாள். அதோடு விட்டாளா?

"எங்கண்ணன் அந்த ஆளப் பத்திக் கேட்டாரு, சரி. நீங்க அந்தப் பொண்ணுகிட்ட இன்னா கேட்டீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

"பெட்டி எந்த பெல்ட்டுல வரும்னு கேட்டேன்."