முப்பிடாதியின் வாய்ப்பூட்டு

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் முப்பிடாதியம்மாளைத் தெரியாது என்று எவனாவது சொன்னால், அவன் அந்த ஊரில் ஒரு முழம் பூ வாங்கியதில்லை என்று அர்த்தம். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கமிஷன் கடை போட்டிருந்த ஒரே பொம்பளை அவள்தான். சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து பிச்சியும் மல்லியும் கேந்தியும் விடியுமுன்னே அவள் முன்னால் வந்து இறங்கும். வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று ஏலம் கேட்பார்கள். ஒருத்தன் ஏற்றுவான், அடுத்தவன் அவனை முறைத்துக்கொண்டு இன்னும் ஏற்றுவான். முப்பிடாதி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நிற்பாள். ஏற்றுகிறவர்கள் எல்லாம் ஏறி முடித்து, இனி ஏற ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்து "சரி" என்பாள். அந்த ஒரு சொல்லோடு ஏலம் முடிந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டு நிற்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அதெல்லாம் நிற்கும்போது மட்டும்தான். படுத்தால் கதை வேறு.

நடுராத்திரியே எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறவளுக்கு மத்தியானச் சோற்றுக்குப் பிறகுதான் உறக்கம். பாயில் முதுகு பட்டதும் வாய் பிளந்துவிடும். பிறகு ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், அது குறட்டை என்று வெளியூர்க்காரன் நம்பமாட்டான். தெருவில் பாதி வீடு தறிக்கூடம். கரண்ட் போய் எல்லாத் தறியும் நின்ற பிறகும் ஒரு தறி மட்டும் ஓடுகிறதே என்று புதிதாக வந்த மின்வாரியத்து ஆள் கேட்டானாம், தெருவே சிரித்திருக்கிறது. அவளைக் கட்டியவன் ரெண்டாம் வருசமே பம்பாய்க்குப் போனவன், திரும்பவில்லை. குறட்டைக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் பேசும். ஊர் வாயெடுக்குமுன்னே அவளே சொல்லிவிடுவாள், நான் விட்ட சத்தத்தில் அவன் பம்பாயில் போய் விழுந்தான் என்று. சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அதற்கு மேல் எவள் என்னத்தைக் கேலி பேச?

இப்பேர்ப்பட்டவளையும் ஒரு சொல் ஆட்டி வைத்துவிட்டது. அதைச் சொன்னது ராயகிரிப் பேச்சித்தாய்.

முப்பிடாதிக்கு ஒரே தங்கச்சி, சங்கரம்மாள். அவள் தவழுகிற பருவத்திலேயே ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து சோறூட்டியது, தலை பின்னியது, சடங்கு சுற்றியது, ராயகிரியில் லாரி ஓட்டுகிற துரைப்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தது, எல்லாம் அக்காதான். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்து ஆண்பிள்ளையும் பிறந்தாச்சு. பேறுகாலம் பார்த்த வீட்டில் மூன்று மாசம் இருந்துவிட்டு, பிறகுதான் பிள்ளையோடு புருசன் வீடு போவது வழக்கம். அந்த மூன்று மாசத்துக்காக முப்பிடாதி எத்தனை நாள் காத்துக் கிடந்தாளோ! தொட்டில் கட்ட உத்திரத்தில் புதுக் கயிறே மாட்டியிருந்தாள்.

பேச்சித்தாய் துரைப்பாண்டியின் ஆத்தா. பேரனைப் பார்க்க வந்தவள் ஒரு மத்தியானம் அந்த ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்து குறட்டையைக் கேட்டாள். தொட்டிலில் பிள்ளை திடுக்கென்று கையைத் தூக்கி அழுதது. இவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, முப்பிடாதி கண் விழிக்கும் வரை காத்திருந்து, மூஞ்சிக்கு நேராகவே சொன்னாள்.

"ஆத்தா இல்லாத வீட்டுல பேறுகாலம் பாத்தா இப்படித்தான் இருக்கும். பச்சப்பிள்ள பயந்துல்லா சாவுது. வார வெள்ளிக்கிழம வாரேன். அப்பவும் இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவேன்."

முப்பிடாதிக்கு முகம் செத்துப்போனது. குறட்டையைச் சொன்னதுகூட வலிக்கவில்லை. ஆத்தா இல்லாத வீடாம்! அப்படியானால் இத்தனை வருசமும் இந்த வீட்டில் அடுப்பூதியவள் யார்? பாதியிலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், அந்தச் சொல் உண்மையாகிவிடும். ஊரும் அதையே சொல்லும். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ரொம்ப நேரம் மூக்கைச் சிந்திக்கொண்டு கிடக்கிற ஆள் இல்லை அவள். வாயை மூடணும், அவ்வளவுதானே? மார்க்கெட்டில் ஐம்பது பேர் வாயை மூட வைக்கிறவளுக்குத் தன் வாயை மூடத் தெரியாதா?

பக்கத்து வீட்டுக் கதீஜம்மாள் தன் வீட்டில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னாள். நல்ல மனுசி, மனசாரத்தான் சொன்னாள். ஆனால் சொந்த வீட்டில் படுக்க வக்கில்லாதவள் என்று பேச்சித்தாய் அதற்கும் ஒரு சொல் வைத்திருப்பாளே என்று இவள் மறுத்துவிட்டாள். நேரே டாக்டரிடம் போனாள். அவர் மூக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கில் அடைப்பு ஒன்றும் இல்லை, மல்லாந்து படுத்து வாயைத் திறந்து மூச்சு விடுவதால் வருகிற வினை இது, ஒருச்சாய்ந்து படுக்கப் பாருங்கள் என்றார். எழுந்திருக்கும்போது தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொள்வதும் அதனால்தானாம். முப்பிடாதிக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மூக்கு சும்மாதான் இருக்கிறது, வாய்தான் வேலை பார்க்கிறது என்றால் வாய்க்கு லீவு கொடுத்தால் தீர்ந்தது.

முதல் நாள் பூக்கட்டும் நூல்கண்டு ஒன்றை முந்தானையில் முடிந்து முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு படுத்தாள். புரண்டால் உறுத்தும், உறுத்தினால் திரும்பிப் படுப்போம் என்று கணக்கு. புரண்டாள், உறுத்தியது. ஆனால் உழைத்த உடம்பு நூல்கண்டின் மேலேயே ஏறிப் படுத்துக் குறட்டை விட்டது. மறுநாள் மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி உதட்டின் மேல் குறுக்கே ஒட்டிப் பார்த்தாள். வேர்வையில் அது நழுவிப் போய்த் தலைமயிரில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுக்கச் சங்கரம்மாள் பட்ட பாட்டில் அக்காளும் தங்கச்சியும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானதுதான் மிச்சம். அப்போதுதான் முப்பிடாதிக்கு விசயம் பிடிபட்டது. உதட்டை ஒட்டி என்ன பிரயோஜனம், தொங்குவது கீழ்த்தாடை அல்லவா? கட்ட வேண்டிய இடம் நாடி.

காலமான தகப்பனாரின் பழைய வேட்டியில் ஒரு கீற்றுக் கிழித்தாள். நாடிக்கு அடியில் கொடுத்து, ரெண்டு காதையும் ஒட்டி மேலே ஏற்றி, உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டாள். மாலை கட்டுகிற கை, முடிச்சு அவிழுமா? உள்ளே வந்த சங்கரம்மாள் அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். நம் பக்கம் அப்படிக் கட்டுவது ஒரே ஒருத்தருக்குத்தான், செத்துப் போனவருக்கு. பிணத்தின் வாய் திறந்துகொள்ளாமல் இருக்க வெள்ளைத் துணியால் போடுகிற அதே கட்டு.

"அக்கா, இது நாடிக்கட்டுல்லா! அவுத்துரு, பாக்கவே கொல நடுங்குது."

முப்பிடாதி கட்டைச் சற்றே தளர்த்திக்கொண்டு பதில் சொன்னாள். "செத்தவளுக்குக் கட்டுனாத்தாம்ட்டி நாடிக்கட்டு. உசுரோட இருக்கவளுக்குக் கட்டுனா அது வாய்ப்பூட்டு."

சொல்லிவிட்டுப் படுத்தாள். சத்தமே இல்லை. மூக்கு வழியாக மெல்லிசாக ஒரு விசில் மட்டும் வந்து போனது. எழுந்தபோது தொண்டை ஈரமாக இருந்தது, தலை கனக்கவில்லை. தெருவில் குறட்டை நின்றதும் எல்லாரும் அவள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். இவள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள். வரட்டும் அந்த மகராசி, வந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்கட்டும் என்று அவளுக்கு ஒரே தெம்பு.

பேச்சித்தாய் வியாழக்கிழமையே வந்துவிட்டாள். வேறெதற்கு, உளவு பார்க்கத்தான்.

அன்றைக்கென்று பார்த்து எல்லாம் ஒன்றுகூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒருத்தருக்கு மறுநாள் பிரிவுபசாரம் என்று ரோஜாவும் சம்பங்கியும் கலந்த ஆளுயர மாலை கேட்டிருந்தார்கள். கட்டி முடித்து, வாடாமல் இருக்க வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் ஈரத்துணி மேல் வைத்திருந்தது. அந்த மூலைதான் முப்பிடாதி தலை வைத்துப் படுக்கிற இடம். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டியதில் வீடெல்லாம் ஒரே புகை. புகையில் சங்கரம்மாளுக்குக் கண் சிவந்து, மூக்கால் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பிள்ளை கண்ணயர்ந்திருந்தான்.

கருப்பட்டியும் உளுந்தும் நிறைந்த பையோடு வாசலில் வந்து நின்ற பேச்சித்தாய் கண்டது இதுதான்: சாம்பிராணிப் புகை, தலைமாட்டில் பெரிய மாலை, நாடியில் வெள்ளைத்துணி கட்டி மல்லாந்து அசைவில்லாமல் கிடக்கிற முப்பிடாதி. மருமகள் சிவந்த கண்ணோடு திரும்பி, பிள்ளை எழுந்துவிடுமே என்று உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பை கைநழுவித் தொப்பென்று தரையில் விழுந்தது.

அடுத்த நொடி பேச்சித்தாய் மாரில் அடித்துக்கொண்டு ஓலம் போட்டாள். பதறிப்போய், அக்கா உறங்குகிறாள் என்று சொல்ல வந்த சங்கரம்மாளை இழுத்து அணைத்து, அவள் முகத்தைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் மாமியார் சேலைக்குள்ளேயே போய்விட்டது. கதீஜம்மாள் ஓடி வந்தாள், தறிக்கூடத்துப் பொம்பளைகள் ஓடி வந்தார்கள், வாசல் நிறைந்துவிட்டது.

முப்பிடாதி விழித்துக்கொண்டாள். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ செத்துப்போனார்கள் என்று முதலில் புரிந்தது. செத்தது தான்தான் என்று பிறகு புரிந்தது. வந்த கோபத்தில் எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் வாய் கட்டியிருக்கிறது. முடிச்சுக்குக் கையைத் தூக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒப்பாரியில் ஒரு சொல் காதில் விழுந்தது.

"மூணு மாசம் உங்கிட்டயே விட்டுருப்பேனே, பாவி நான் கூட்டிட்டுப் போறேன்னு குதிச்சேனே!"

கை அப்படியே நின்றது. மார்க்கெட்டில் ஊறிய உடம்பு, என்ன செய்ய! ஏலத்தில் கேட்பதுபோல மூணு மாசம் என்று கேள்வி வந்தாச்சு. பொறுத்துப் பார்ப்போம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

நீ எழுந்து வந்தால் அஞ்சு மாசம் வைத்துக்கொள் என்று அழுதாள் பேச்சித்தாய். முப்பிடாதி அசையவில்லை. பிள்ளைக்குப் பல்லு முளைக்கும் வரைக்கும் இங்கனயே கிடக்கட்டும் என்று ஏறியது. இவள் இன்னும் அசையவில்லை. அவன் தானா நடந்து ராயகிரிக்கு வரட்டும், அது வரைக்கும் நான் கேட்க மாட்டேன் என்று போனது. இனி ஏறாது, 'சரி' சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சிரிப்பு வேறு மூக்கு நுனியில் வந்து நின்றது.

அப்போது பேச்சித்தாய் ராகத்தை விட்டுவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, முப்பிடாதியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே பேசுவதுபோலப் பேசினாள்.

"கொறட்டையும் இல்ல, ஒண்ணும் இல்லட்டி. மவன் லாரியோட போயிட்டான்னா அந்த வீட்டுல நான் ஒத்தையில கெடக்கேன். ஒரு பிள்ளச் சத்தம் கேக்காதான்னு இருந்துச்சு. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போவ நெனச்சேன். ஆத்தா இல்லாத வீடுன்னு வாய்கூசாமச் சொன்னேனே. நீதானட்டி அவளுக்கு ஆத்தா. இதுதானட்டி அவளுக்குத் தாய்வீடு."

முப்பிடாதிக்குச் சிரிப்பு போய்விட்டது. ஏலம் போட்டு வாங்குகிற சொல்லா அது? மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, காதோரம் கட்டியிருந்த துணியை நனைத்தது. அதற்கு மேல் பிணமாகக் கிடக்க அவளால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தாள்.

வாசலில் நின்ற கூட்டம் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து தெருவுக்கு ஓடியது. பேச்சித்தாய் மட்டும் ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிடித்த கையை விடவும் இல்லை. கை சுடுகிறதே, பிணத்தின் கை சுடுமா? அவளே உச்சந்தலை முடிச்சை அவிழ்த்தாள்.

வாய் திறந்ததும் முப்பிடாதி சொன்னது ஒரே சொல்தான்.

"சரி, அத்தை."

பிறகு சங்கரம்மாள் எல்லாவற்றையும் விளக்கினாள். பேச்சித்தாய் முதலில் ஏசினாள், பிறகு முப்பிடாதியின் முதுகில் ரெண்டு போட்டாள், பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரும்பி வந்த கதீஜம்மாள் தொட்டிலைக் காட்டினாள். இத்தனை ஓலத்துக்கும், தெருவே கூடி ஓடியதற்கும், பிள்ளை கையை விரித்துப் போட்டுக்கொண்டு சுகமாக உறங்கிக்கொண்டிருந்தான். பேச்சித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வாரம் அவள் ராயகிரிக்குப் போகவில்லை. மருமகளுக்கு உளுந்தங்களி கிண்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். வேட்டிக் கீற்றை மட்டும் அன்றைக்கே அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் முப்பிடாதி, வீட்டில் பெரியவள் இருக்கிறாளே என்று சுவர்ப் பக்கம் ஒருச்சாய்ந்து, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுத்தாள். கொஞ்ச நேரம் வீட்டில் சத்தமே இல்லை. திடீரென்று யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். பேச்சித்தாய்தான், முகமெல்லாம் வெளுத்துப் போயிருந்தாள்.

"ஏட்டி, சத்தத்தக் காணுமே. இருக்கியா?"

"இருக்கேன் அத்தை."

"இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ எப்பவும் போல மல்லாந்து படு, மவளே. எனக்கு உறக்கம் வரணும்லா."

முப்பிடாதி மல்லாந்து படுத்தாள். கரண்ட் போய்த் தெருவில் தறியெல்லாம் நின்றபோது அவள் வாய் பிளந்து கிடந்தது. பக்கத்துப் பாயில் பேச்சித்தாயும் அயர்ந்து உறங்கிவிட்டாள்.