டாரன் போட்ட வெட்டு

என் புருஷன் லெஸ் பார்டெல் எதையும் தூக்கி எறியமாட்டார். எங்கள் ஃப்ரீசரைத் திறந்தால் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் ஒரு மிளா மானின் முகம் முறைத்துப் பார்க்கும். விருந்தாளி வந்தால் ஐஸ் எடுக்க நான்தான் ஓடவேண்டும், அவர்களை விடமுடியாது. மரம் அறுக்கும் மில்லை மூடிய பிறகு, வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் தலைகளைப் பாடம் செய்து கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. கிப்ஸ்லாந்து மலைப்பக்கம் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி, துப்பாக்கிக்கு ஒரு தலை. சுவரில் மாட்டாவிட்டால் தூக்கம் வராது இவர்களுக்கு. லெஸ் தைத்தால் தையல் எங்கே என்று தேடினாலும் தெரியாது. மனுஷனுக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான்.

போன குளிர்காலத்தில் எங்கள் ஊர் க்ளிஃப் ஹானிகனின் மகன் டாரன், மலையிலிருந்து இறங்கும் பாதையில் வண்டி உருண்டு செத்துப்போனான். வண்டியின் பின்தட்டில் அவன் அன்றைக்குச் சுட்ட மிளாவின் தலையும் தோலும் கிடந்தன. அவனுக்கு வாய்த்த முதல் பெரிய கொம்பு. மறுநாள் காலையே க்ளிஃப் ஒரு தீவனச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க க்ளிஃப், டீ போடறேன்," என்றேன். வேறென்ன சொல்வது?

"வேணாம் நோரீன். சவப்பெட்டி பாக்கப் போகணும். தோல் அதுவரைக்கும் தாங்காது, அதான் முதல்ல இங்க வந்தேன்."

பால் திரிந்துவிடும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். இங்கே எந்த வேட்டைக்காரனும் அதையேதான் சொல்லியிருப்பான்.

லெஸ் சாக்கை அவிழ்த்துத் தோலைப் பலகையில் விரித்தார். சுவரில் மாட்டும் தலைக்குப் பிடரிப் பக்கம்தான் கத்தி வைக்கவேண்டும். முன்பக்கத்தைத் தொடவே கூடாது. டாரனுக்கு வேலை ஆட்டு இறைச்சிக் கூடத்தில். நாள் முழுக்க ஆடு உரித்த கை, பழக்கதோஷத்தில் தொண்டையிலிருந்து மார்புவரை முன்பக்கமே இழுத்துவிட்டிருந்தது, அதுவும் கோணலாக. க்ளிஃப் அந்த வெட்டைப் பார்த்தார். காலிச் சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி முன்பக்கம் வெட்டுவதற்காக அவர் மகனைத் திட்டாத வேட்டைக்காலமே கிடையாது. மதுக்கடையில் ஊரே கேட்கத் திட்டுவார்: "இது ஆடு இல்லடா, மடையா!" டாரன் பியர் நுரையைத் துடைத்துக்கொண்டு இளிப்பான். "விடுப்பா. லெஸ் எதுக்கு இருக்காரு? தச்சிருவாரு."

அடக்கத்தன்று க்ளிஃப் அழவில்லை. முட்டை சாண்ட்விச் சாப்பிட்டார், வந்தவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார், மழை பெய்தால் தேவலை என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் லெஸ் சொன்னார்: "அந்த வெட்டு க்ளிஃப் கண்ணுல இனிமே படக்கூடாது." யாரோ எப்போதோ விட்டுப்போன நல்ல தோல் ஒன்று ஃப்ரீசரில் இருந்தது. டாரன் சுட்ட மிளாவின் கொம்புக்கு, வெட்டுப்பட்ட தோலுக்குப் பதில் அதைப் போர்த்துவதாக முடிவு செய்துவிட்டார். தொழிலில் அது சகஜம்தான். ஆனால் உரியவரைக் கேட்டுக்கொண்டு மாற்றுவார்கள்.

"கேட்டுட்டுச் செய்யுங்க, மனுஷா."

"பிள்ளையப் பறிகுடுத்தவன்கிட்ட இத எப்படிக் கேக்கறது?"

"அப்ப அந்தக் கிழிஞ்ச தோலையாவது தூக்கிப் போடுங்க. கொட்டகைல கால் வைக்க இடமில்ல."

சரி சரி என்று தலையாட்டினார்.

குளிர் முடிந்து வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்த சமயம் க்ளிஃப் தலையைப் பார்க்க வந்தார். லெஸ் செய்ததிலேயே அதுதான் அழகு. மூக்கு ஈரமாக இருப்பதுபோலவே இருக்கும். க்ளிஃப் அதன் கண்ணைப் பார்க்கவில்லை, கொம்பைப் பார்க்கவில்லை. தாடைக்குக் கீழே கையை விட்டு, மயிரை விலக்கி விலக்கி மார்புவரை தடவினார். மறுபடியும் மேலே போய்த் தடவினார்.

"வெட்டு எங்க?" என்றார்.

"மாத்திட்டேன் க்ளிஃப்," என்றார் லெஸ். "இது வேற தோல். உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு..."

"அவன் வெட்டினது எங்க?"

குரல் உயரவில்லை. முகத்தில் ஒரு அசைவுமில்லை. நான் கொட்டகையின் பின்கோடிக்கு ஓடினேன். டப்பாக்களையும் உடைந்த நாற்காலியையும் தள்ளிவிட்டுப் பார்த்தேன். உப்பில் காய்ந்து மடித்தபடி இருந்தது டாரன் உரித்த தோல். நல்லவேளை, கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை இந்த மனுஷன் கேட்டதே இல்லை!

க்ளிஃப் அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"இதப் போடு லெஸ்."

"தையல் தெரியாம..."

"தெரியட்டும்."

லெஸ் செய்து முடித்த தலையைப் பிரித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். கழுத்தின் முன்னால் அந்தக் கோணல் வெட்டு அப்படியே தெரிய, தடித்த நூலில் தைத்தார்.

க்ளிஃப் திரும்ப வந்தபோது கோடை ஆரம்பித்திருந்தது. தலை பலகைமேல் இருந்தது. அவர் கிட்டே போய், தாடைக்குக் கீழே வெட்டு தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். அது வளைந்த பக்கமெல்லாம் விரலும் வளைந்து மெதுவாக மார்புவரை இறங்கியது.

"எத்தன தடவைடா சொல்றது உனக்கு?" என்றார். "இது ஆடு இல்லடா, மடையா."

பிறகு மிளாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஏங்கி ஏங்கி அழுதபடி, இன்னொரு தடவை திட்டினார்.