தெரியாத எண்கள்

பட்டுப்புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரவிக்கையை என்னிடம் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கழுத்து இன்னும் இறக்கமாக இருக்கட்டும், கையில் ஆரி பூவேலை கூடுதலாக இருக்கட்டும் என்று யாராவது ஒரு எண்ணிலிருந்து கூப்பிடுவார்கள். செவிலிமேட்டில் வீட்டு முன்னறையிலேயே தையல் மிஷின் போட்டிருக்கும் நான், தெரியாத எண்களை ஒதுக்கினால் பிழைக்க முடியாது.

ஆனால் அந்த வருடம் ஒரு அழைப்புகூட விடாமல் எடுத்ததற்குத் தையல் காரணமில்லை. தம்பிதான் காரணம்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஓட்டலில் சமைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒருநாள் வந்து நின்றான். அப்பாவுக்கும் அவனுக்கும் வார்த்தை தடித்தது. “போறவன் திரும்பி வராத” என்றார் அப்பா. போய்விட்டான். சில வாரங்களில் அவன் எண்ணும் செத்துப்போனது. கோடையில் அப்பா நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவனுடைய கூட்டாளிகளையெல்லாம் விசாரித்தோம், யாருக்கும் தெரியவில்லை. பழைய எண்ணுக்கு நான் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. கொள்ளி வைத்தது பெரியப்பா மகன்.

அதற்குப் பிறகு போன் ‘டொய்ங்’ என்றாலே எனக்கு உடம்பு தூக்கிப்போடும். ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடுவேன். உங்கள் கடன் தயார் என்றிருக்கும். உங்கள் பார்சல் பாதி வழியில் நிற்கிறது என்றிருக்கும். ஓரிக்கை அருகே மனை விற்பனை, சீட்டாட்டம், வீட்டிலிருந்தபடியே வேலை, இன்று மாலை உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றையும் கடைசி எழுத்துவரை படித்தேன். அழைப்பில் பதிவு செய்த குரல் பேசினாலும் உடனே வைக்க மாட்டேன். அது முடிந்து யாராவது மூச்சு விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கி, தேவையில்லாததெல்லாம் தானாக ஒதுங்கிப்போகும்படி என்னவோ செய்து கொடுத்தாள். வீடு அமைதியானது. அந்த அமைதி எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. சோற்றுக்கு உலை வைத்துவிட்டு வந்து, ஒதுக்கப்பட்டவை போய் விழும் இடத்தைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பேன். இரண்டாம் நாளே பழையபடி மாற்றச் சொன்னேன்.

“ஏம்மா, பைத்தியமா உனக்கு?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தாள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு பிற்பகல். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து செய்தி: “அக்கா, நல்லா இருக்கியா?” படமில்லை, பெயருமில்லை.

கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு நான் போனைப் பிடித்ததைப் பார்த்து மகள் ஓடிவந்தாள்.

“தொடாதம்மா. இப்ப இப்டிதான் ஏமாத்துறானுங்க. அக்கா, மாமான்னு ஆரம்பிச்சு அப்புறம் பணம் கேப்பானுங்க. மாமாவுக்கு மட்டும் தெரிஞ்சது எதுனா கேளு, பாக்கலாம்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடைசியில், “சின்ன வயசுல மாகறல் கோயில்ல அப்பாவோட பிளாஸ்க்கை யார் உடைச்சது?” என்று அனுப்பினேன்.

எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

“நீதான் உடைச்ச. என்னை மாட்டிவுட்டு அடி வாங்க வெச்ச. இப்ப வந்து கேக்குற பாரு.”

உடைத்தது அவன்தான். இன்றைக்கும் அவன் ஒத்துக்கொள்வதில்லை.

மகள் படித்துவிட்டுச் சிரித்தாள். “ஏமாத்துறவன் இப்டி சண்ட போட மாட்டான். மாமாதாம்மா. கூப்புடு.”

முதல் மணியிலேயே எடுத்தான். “போன் தொலஞ்சிடுச்சுக்கா. உன் நம்பர் மட்டும்தான் மனப்பாடமா இருந்துச்சு. கோவத்துல கூப்புடல” என்றான். அவனுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம், எண்ணெய் பொரியும் சத்தம். பேச்சு எதையெதையோ சுற்றியது. பிறகு, “அவரு இன்னும் கோவமாத்தான் இருக்காரா?” என்றான்.

“நீ மொதல்ல கெளம்பி வாடா.”

“அக்கா.”

“வாடா, நேர்ல பேசலாம்.”

“அக்கா, சொல்லு.”

சொன்னேன். வாய் திறந்து அழவில்லை அவன். யாரோ அவனை உள்ளே கூப்பிட்டார்கள். “வெச்சிடாதக்கா” என்று மட்டும் சொன்னான். நான் வைக்கவில்லை. அந்தச் சமையல்கட்டின் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, வெட்டிய துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். மகள் என் தோளில் கை வைத்திருந்தாள்.

மறுநாள் மதியம் வந்தான். மெலிந்திருந்தான், முன்கையில் எண்ணெய் தெறித்த வடுக்கள். வீட்டுக்குள் வரவில்லை. “எங்க?” என்று கேட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு பாலாற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். மழையில் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவை எரித்த இடத்தைக் காட்டினேன். அங்கே ஒன்றும் மிச்சமில்லை, ஈர மண்தான். அவன் குந்தி உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கடைசியா எதுனா சாப்ட்டாரா?” என்று கேட்டான்.

“ரசம் சோறு. பாதிதான் சாப்ட்டாரு” என்றேன்.

தலையாட்டினான். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.