ஒன்பது என்றால் ஒன்பது

1. லட்டுப் பெட்டி

2015 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெரு லாச்சப்பல். அங்கே ரூ காய் என்ற தெருவில் நான் இருபத்திரண்டு வருடம் விமான டிக்கெட் போட்ட கடையைத் திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கவுண்டரில் ஒரு லட்டுப் பெட்டி இருந்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெயரும் இல்லை, விபரமும் இல்லை. நான் மூடியைத் திறந்ததுதான் தாமதம், முதலாளி உள்ளறையிலிருந்து சத்தம் போட்டார்.

"நளினி, வாயிலை வைச்சிடாதையும்! ஆர் தந்ததெண்டு தெரியுமே?"

யார் தந்தது என்று தெரியாது. எதற்குத் தந்தது என்று தெரியும். இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிவு அன்று காலைதான் வந்திருந்தது. யுத்தத்தை வென்றவர் தோற்றுப்போனார். தோல்வி வரும் என்ற நினைப்பே இல்லாமல் காலத்துக்கு முந்தியே தேர்தல் வைத்த மனிதர். அவர் உயிரோடு இருக்கும்வரை அவர்தான் என்று நாங்களும் முடிவுகட்டி வைத்திருந்தோம். அவரைக் கவிழ்த்ததில் எங்கள் வடக்கு கிழக்குச் சனத்தின் வோட்டுக்குப் பெரிய பங்கு. லாச்சப்பல் வெடி கொளுத்தியிருக்க வேண்டும், ஆனால் யாருக்கும் சிரிக்கவே பயமாக இருந்தது.

அன்று பத்து மணிக்குள் கடைக்கு வந்தவர்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன்.

"தோத்த உடனை அரசாங்க வீட்டை விட்டுப் போட்டாராம். இவ்வளவு லேசா ஆர் கதிரையை விடுறது? உதுக்குள்ளை ஏதோ கிடக்கு."

"புதுசா வந்தவரும் அவற்றை மந்திரிசபையிலை இருந்தவர்தானே, அண்ணை."

"ஆர் குத்தியும் அரிசியானாச் சரி."

"அரிசியோ உமியோ எண்டு புடைச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்கோ."

அந்தக் கிழமை பாரிசிலும் நிலைமை சரியில்லை. இரண்டு நாள் முன் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நடந்த கொலைகளால் லாச்சப்பல் மெத்ரோ வாசலில் துவக்கோடு பொலிஸ் நின்று விசாப் பேப்பர் பார்த்தது. அங்கேயும் நம்பிக்கை இல்லை, இங்கேயும் இல்லை. லட்டு மத்தியானம்வரை அப்படியே கிடந்து, குப்பை வாளிக்குள் போனது. பிறகுதான் தெரிந்தது, அது பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் தெரு முழுக்கக் கொடுத்த லட்டு. பாதித் தெரு அதைச் சாப்பிடவில்லை.

2. ஊர், இந்தியா, அங்கை

டிக்கெட் வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடையில் கொழும்பு என்ற சொல்லை வாடிக்கையாளர் சொல்லமாட்டார். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர் "ஊருக்கு" என்பார். அகதிக் கார்த் என்ற வதிவிட அட்டை உள்ளவர் "இந்தியாவுக்கு" என்பார். ஊரில் உள்ள சொந்தங்களைத் திருச்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஏனென்றால் அகதிப் பேப்பரோடு இலங்கை போனால் பேப்பருக்கே ஆபத்து. அப்படியிருந்தும் எப்படியோ போகிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் கவுண்டரில் குனிந்து, "அங்கை ஒண்டு பாருங்கோ" என்பார்கள். "அங்கை" என்றால் எனக்கு விளங்கும். குரலை வைத்தே யார் என்ன பேப்பர் என்று சொல்லிவிடுவேன்.

முதலாளி முதல் நாளே எனக்குச் சொன்ன சட்டம் இது: "போற திகதியைக் கேளும். போற காரணத்தைக் கேக்காதையும்." கேட்டால் ஆள் பயந்து அடுத்த கடைக்குப் போய்விடும். எனக்கோ பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால் வாங்கினால் திகதியை இரண்டு தரம் பார்ப்பேன். இந்த வேலை எனக்கென்றே செய்து வைத்த வேலை என்று அப்போது பெருமைப்பட்டேன்.

3. சத்தமாகச் சொன்னவர்

அதே வெள்ளி பின்னேரம் ஒரு பெண் வந்தார். அறுபது வயது இருக்கும். மொத்தமான மண்ணிறக் கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி. முன்பின் கண்டதில்லை. கடையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர் வாசலில் இருந்தே கேட்டார்.

"தங்கச்சி, கொழும்புக்கு ஒரு டிக்கெட் வேணும். நாளைக்கே போகோணும். அலே சம்பிள்."

போகும் வழி மட்டும். திரும்பி வரும் டிக்கெட் வேண்டாமாம். ஒருவர் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்தார், இன்னொருவர் ஒன்றும் வாங்காமலே வெளியே போனார். இப்படிச் சத்தமாக யார் கேட்பார்கள்? அதுவும் இன்றைக்கு? யார் கொழும்புக்குப் பறக்கிறார்கள், யார் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க யாரோ அனுப்பிய ஆள். இலங்கை எம்பசியோ, விசாக் கொடுக்கிற பிரெபெக்சரோ, எவரோ.

ஸ்கிரீனைப் பார்த்தேன். மறுநாள் விமானத்தில் காலி இடம் ஒன்பது என்று நின்றது. எங்கள் தொழிலில் ஒன்பது என்றால் ஒன்பதும் அதற்கு மேலும். விடுமுறை முடிந்த தை மாதம், பாதி விமானம் காலி.

"சீற் இல்லை, அக்கா," என்றேன்.

"ஐயோ. அப்ப நாளைக்கு வந்து பாக்கட்டே?"

"பாருங்கோ."

அவர் போனதும் முதலாளி வெளியே வந்தார். "நல்ல வேலை செய்தீர். உது ஆற்றையோ ஆள்தான்."

சனிக்கிழமை வந்தார். ஸ்கிரீனில் ஒன்பது. சீற் இல்லை என்றேன். ஞாயிறு கடை பூட்டு. திங்கள் வந்தார், ஒன்பது, சீற் இல்லை. அன்று அவருடைய கைப்பையையும் நோட்டம் விட்டேன், உள்ளே போன் பதிவு செய்துகொண்டு இருக்கிறதோ என்று. ஒரு தோடம்பழமும் மெத்ரோ மட்டையும்தான் தெரிந்தன. தோடம்பழத்தையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

ஒவ்வொரு நாளும் அவர் ஒரே மாதிரித்தான் போனார். கோபம் இல்லை, சண்டை இல்லை. "நீங்கள் என்ன செய்யிறது, பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். நல்லாப் பழக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

4. செவ்வாய்

செவ்வாய் காலை வந்தவர், நான் வாயைத் திறக்க முன்னமே பாஸ்போர்ட்டையும் கார்த்தையும் கவுண்டரில் வைத்தார்.

"சீற் வந்தா உடனை போடுங்கோ. பேர் எழுத்துப் பிழைச்சுப் போகுமெண்டு கையோடை கொண்டந்தனான்."

பெயர் தவமணி. இலங்கைப் பாஸ்போர்ட், மகள் கூப்பிட்டு எடுத்த கார்த். அகதிப் பேப்பரே இல்லை. போகவும் வரவும் எந்தத் தடையும் இல்லாத மனுசி. அன்று கடையில் நின்றவர்களில் கொழும்பு என்று சத்தமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். சத்தமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அந்த வேலையில் முதல் முறையாகச் சட்டத்தை மீறிக் காரணம் கேட்டேன்.

"ஏன் அக்கா அலே சம்பிள்? போய் வர அலே ரெத்தூர் எடுத்தா உங்களுக்குத்தானே சுகம்?"

"என்ர மகன் காந்தன்," என்றார். "2009 வைகாசியிலை, சண்டை முடிஞ்ச கடைசி நாள், நானே கையிலை பிடிச்சுக்கொண்டு போய் ஆமியிட்டைப் பேர் பதிஞ்சு குடுத்தனான். பஸ்ஸிலை ஏத்தினவை. பிறகு காணேல்லை. வெள்ளிக்கிழமை விடிய வவுனியாவிலை இருந்து கோல் வந்தது. அவனோடை ஒரே இடத்திலை அடைச்சு வைச்சிருந்த பெடியன் ஒருத்தன் வெளியிலை வந்து நிக்கிறானாம். இவ்வளவு நாளும் பயத்திலை வாய் திறக்கேல்லை. ஆள் தோத்திட்டாரெண்ட உடனை கதைக்கிறன் எண்டானாம், ஆனா போனிலை இல்லை, நேரிலைதான். இன்னும் கொஞ்ச நாளிலை அவன் கட்டாருக்குப் போறான்."

"அதுக்கேன் ஒரு வழி?"

"ரெத்தூர் எடுத்தா எனக்கு மட்டும்தானே எடுக்கலாம். வரேக்கை ரெண்டு பேருக்கும் சேத்து அங்கை எடுப்பன்."

வெள்ளி, சனி, திங்கள். மூன்று தரம் ஒன்பது. மறுநாள் விமானத்தில் இடம் போட்டேன். அன்றும் ஒன்பதுதான் நின்றது. "இண்டைக்குச் சீற் வந்திட்டுது, அக்கா" என்றேன். அதுவும் பொய்தான்.

"கடவுளே!" என்று அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

5. பனங்கட்டி

மாசி மாதம் ஒரு நாள் கதவு சத்தமில்லாமல் திறந்தது. தவமணி அக்கா. தனியாக.

"நான் பொங்கலண்டுதான் போய் இறங்கினன், தங்கச்சி. பெடியன் முதல்நாள் பிளேன் ஏறிட்டான். குடுத்திட்டுப் போன நம்பர் வேலை செய்யேல்லை. கட்டாரிலை எங்கையெண்டு தேடுறது?"

நான் ஏதோ சொல்லப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"நீங்கள் என்ன செய்யிறது? சீற் இல்லாட்டி நீங்களே பிளேனை ஓட்டுறது? மூண்டு நாளும் எனக்காண்டி அந்தக் கம்பியூட்டர்ப் பெட்டியை எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்."

ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு ஓலைக் குட்டான் பனங்கட்டியை என் முன் வைத்துவிட்டு, மார்க்ஸ் டோர்மோய் பக்கம் மகள் வீட்டுக்கு நடந்து போனார்.

முதலாளிக்குச் சொன்னேன். "உந்தப் பெடியன் கள்ளனாத்தான் இருப்பான்," என்றார். "காணாமல் போனவையைக் கண்டனான் எண்டு சொல்லி ஏமாத்திறவை எத்தினை பேர். நீர் அந்த மனுசியைக் காப்பாத்தினீர் எண்டு நினையும்."

நினைத்துப் பார்த்தேன். அப்படியும் இருக்கலாம். அவன் உண்மையான ஆளாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த மூன்று நாளையும் நான்தான் எடுத்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை லாச்சப்பல் முழுக்க ஒருவரையொருவர் நம்பாமல் நின்றபோது, வந்த செய்தியையும் எதிரில் இருந்தவர் சொன்னதையும் நம்பியவர் இவர் ஒருவர்தான். அவர் நம்பியது என்னை. உண்மையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகும் அங்கே ஜனாதிபதிகள் மாறினார்கள். எதிர்பாராத முடிவுகளும் வந்தன. ஒவ்வொரு முறையும் சனம் "உதுக்குள்ளை ஏதோ கிடக்கு" என்றது. நானும் சொன்னேன், அந்தப் புத்தி போகாது. அரசியலை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், பிள்ளைகளே, அதற்குக் காரணம் உண்டு. ஆனால் கவுண்டருக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும்போது, ஸ்கிரீனில் ஒன்பது நின்றால் ஒன்பது என்றே சொல்லுங்கள்.